வின்லிங்க் நெட்: உங்கள் செக்-இன் எங்கே சிக்கிக்கொண்டது?

அமெரிக்காவில் பல மாநிலங்களிலும் கவுண்டிகளிலும் வாரம் ஒருநாள் ஹாம்கள் (உரிமம் பெற்ற அமெச்சூர் ரேடியோக்காரர்கள்) மைக்கைத் தொடாமலே ஒரு நெட், அதாவது ரேடியோவில் கூடும் கூட்டம், நடத்துகிறார்கள். அவரவர் ரேடியோவிலிருந்து, ரேடியோ வழி மின்னஞ்சல் அமைப்பான வின்லிங்க் மூலம், நெட்டை நடத்தும் நெட் கன்ட்ரோலுக்கு ஒரு குட்டி மின்னஞ்சல் போக வேண்டும், அதுதான் செக்-இன். புதன்தோறும் 'வின்லிங்க் வெட்னஸ்டே' என்ற பெயரில் நடப்பவை இவற்றில் பிரபலம். புயலோ காட்டுத்தீயோ வந்து செல்போன் கோபுரமும் இணையமும் போய்விட்டால் இதே வழியில்தான் தகவல் அனுப்பியாக வேண்டும். அதற்கான ஒத்திகைதான் வாராவாரம் நடக்கிறது.

குரல் நெட்டில் ஏதாவது கோளாறு என்றால் எதிர்முனையில் இருப்பவர் "ஆடியோ கரகரங்குது" என்று சொல்லிவிடுவார். இங்கே சொல்ல ஆளில்லை. திரையில் 'டிஸ்கனெக்டட்' என்று ஒரு வரி வரும், காரணம் வராது. உடனே ஆன்டெனாவைச் சந்தேகப்பட்டு ஏணியைத் தூக்குகிறவர்கள்தான் அதிகம். நான் பார்த்தவரை ஆன்டெனா குற்றவாளியாக இருப்பது குறைவு. கம்ப்யூட்டருக்கும் ரிக்குக்கும் (ரேடியோப் பெட்டிக்கும்) நடுவே கிடக்கும் யூஎஸ்பி கேபிளின் இரு முனைகளிலும் உள்ள செட்டிங்குகள்தான் பெரும்பாலும் வம்பு பண்ணும்.

செய்தி போகும் பாதையை மனதில் வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. வின்லிங்க் எக்ஸ்பிரஸ் (செய்தி எழுதும் நிரல்), மோடம் மென்பொருள் (செய்தியை ஒலியாக மாற்றும் வாரா போன்றது), ரிக், ஆன்டெனா, எதிரே ஆர்எம்எஸ் கேட்வே (ரேடியோவில் வாங்கி இணையத்துக்குக் கடத்தும் நிலையம்), அங்கிருந்து இணையம் வழியாக சிஎம்எஸ் என்ற மைய சர்வர், கடைசியில் நெட் கன்ட்ரோலின் இன்பாக்ஸ். இதில் எந்தக் கண்ணியில் செய்தி நிற்கிறது என்பது மட்டுமே கேள்வி. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றி எல்லாம் சரியாகிவிட்டால், அடுத்த வாரம் மறுபடி கெடும்போது எதைத் தொடுவது என்று தெரியாமல் நிற்பீர்கள்.

இங்கே சொல்வது விண்டோஸில் ஓடும் வின்லிங்க் எக்ஸ்பிரஸுக்கு. லினக்ஸ், மேக் வைத்திருப்பவர்கள் 'பாட்' என்ற மென்பொருளைப் பயன்படுத்துவார்கள். பட்டன்களின் பெயர் வேறு, தர்க்கம் ஒன்றே.

எந்த அறிகுறியானாலும் முதலில் டெல்நெட்

செஷன் (இணைப்பு வகை) பட்டியலில் 'டெல்நெட் வின்லிங்க்' தேர்ந்தெடுத்து, உங்கள் கால்சைனுக்கே (உரிமத்தோடு வரும் அடையாளக் குறி) ஒரு வரிச் செய்தி அனுப்புங்கள். டெல்நெட் இணையம் வழியே நேராக சிஎம்எஸ்ஸுக்குப் போகும், ரேடியோவைத் தொடாது. போய்விட்டால் கணக்கு, பாஸ்வேர்டு, செய்தி எல்லாம் சரி, சிக்கல் ரேடியோ பக்கம். போகாவிட்டால் ரிக்கைத் தொடவே வேண்டாம். டெல்நெட் செக்-இன்னை "இதெல்லாம் ரேடியோவா?" என்று மட்டமாகப் பேசுகிறவர்கள் உண்டு. பேசட்டும், சோதனைக் கருவியாக இதற்கு ஈடு கிடையாது.

டெல்நெட்டிலேயே போகவில்லை

செய்தி அவுட்பாக்ஸில் இருக்கிறதா என்று பாருங்கள். எழுதி முடித்ததும் 'போஸ்ட் டு அவுட்பாக்ஸ்' அழுத்த வேண்டும். டிராஃப்டாகச் சேமித்துவிட்டு செஷனைத் திறந்தால் "அனுப்ப எதுவும் இல்லை" என்று கண்ணியமாகச் சொல்லிவிட்டு இணைப்பு முடிந்துவிடும். அவுட்பாக்ஸில் போட்டதோடு போய்விட்டது என்று நினைப்பது இதன் மறுபக்கம். செஷனைத் திறந்து ஸ்டார்ட் அழுத்தும்வரை எதுவும் நகராது. ஜிமெயில் பழக்கம் செய்யும் வேலை இது.

'செக்யூர் லாகின் ஃபெயில்ட்' என்று வந்தால் பாஸ்வேர்டு. பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு. மீட்பதற்கான சாதாரண மின்னஞ்சல் முகவரியைக் கணக்கில் முன்கூட்டியே பதிந்து வைத்தவர்களுக்கு இது ஐந்து நிமிட வேலை, பதியாதவர்கள் வின்லிங்க் தன்னார்வலர்களிடம்தான் கேட்க வேண்டும்.

செக்-இன் படிவம் பிரவுசரில் திறக்கிறது, 'சப்மிட்' அழுத்தினால் எதுவும் நடக்கவில்லை என்றால், பின்னால் வின்லிங்க் எக்ஸ்பிரஸின் செய்தி ஜன்னலை மூடிவிட்டீர்களா என்று பாருங்கள். படிவம் தன் தகவலை அதே கம்ப்யூட்டருக்குள் ஓடும் அந்த நிரலுக்குத்தான் கொடுக்கிறது. ஃபயர்வால் குறுக்கே நின்றாலும் இதே கதைதான்.

வாட்டர்ஃபால் கறுப்பாகவே இருக்கிறது

இனி ரேடியோ பக்கம். ரிக் ஸ்பீக்கரில் இரைச்சல் கேட்கிறது, வாரா ஜன்னலில் வரும் ஒலியைப் படமாகக் காட்டும் வாட்டர்ஃபாலில் ஒன்றும் அசையவில்லை. ரிக்கின் ஒலி கம்ப்யூட்டருக்குள் வரவில்லை என்று அர்த்தம்.

விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தனியுரிமை செட்டிங்கில் மைக்ரோஃபோன் அனுமதி என்று ஒன்று இருக்கிறது. டெஸ்க்டாப் செயலிகளுக்கு அது அணைந்திருந்தால் எந்த சவுண்ட் கார்டைத் தேர்ந்தெடுத்தாலும் மோடத்துக்கு மௌனம்தான் கேட்கும். ரிக்கின் யூஎஸ்பி ஒலியையும் விண்டோஸ் மைக்ரோஃபோனாகத்தான் கணக்கெடுக்கிறது.

அது சரியென்றால் சவுண்ட் கார்டின் பெயர். போன வாரம் 'யூஎஸ்பி ஆடியோ கோடெக்' என்றிருந்தது, கேபிளை வேறு ஓட்டையில் செருகியதும் '2- யூஎஸ்பி ஆடியோ கோடெக்' ஆகிவிடும். மோடம் பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும். வாராவின் சவுண்ட் கார்டு செட்டிங்கில் உள்ளே வருவது, வெளியே போவது இரண்டையும் மறுபடி தேர்ந்தெடுங்கள். ஒரே ஓட்டையில் செருகும் பழக்கம் வைத்து, அதில் ஒரு துண்டு டேப் ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை ஒழிந்தது.

வாரா ஜன்னலே திறக்கவில்லை, அல்லது வின்லிங்க் எக்ஸ்பிரஸ் மோடத்தைக் காணோம் என்கிறதா? வாரா எச்எஃப் (தொலைதூரச் சிற்றலைக்கு), வாரா எஃப்எம் (உள்ளூர் விஎச்எஃப்புக்கு) இரண்டுமே இயல்பாக 8300 என்ற போர்ட்டைத்தான் பிடிக்கும். முந்தைய செஷனில் திறந்த ஒன்று பின்னணியில் ஓடிக்கொண்டிருந்தால் மற்றது தடுமாறும். டாஸ்க் மேனேஜரில் பார்த்து மூடுங்கள்.

ரிக் டிரான்ஸ்மிட்டுக்குப் போகவே இல்லை, அல்லது போனால் திரும்பவில்லை

பிடிடிக்கான (ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்கு மாற்றும் சிக்னல்) காம் போர்ட் எண்ணை டிவைஸ் மேனேஜரில் சரிபாருங்கள். யேசு எஃப்டி-991ஏ போன்ற ரிக்குகள் ஒரே கேபிளில் இரண்டு போர்ட்டுகளைக் காட்டும். 'என்ஹான்ஸ்டு' என்பது ரிக்கைக் கட்டுப்படுத்த, 'ஸ்டாண்டர்டு' என்பதை பிடிடிக்கு வைத்துக்கொள்ளலாம். இரண்டையும் மாற்றிப் போட்டால் ஃபிரீக்வென்சியும் மாறாது, டிரான்ஸ்மிட்டும் ஆகாது. எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில் விளையாடிவிட்டு அந்த நிரலை மூடாமல் வந்திருந்தால் போர்ட் அதன் பிடியில் இருக்கும், ஒரே நேரத்தில் இருவருக்குக் கிடைக்காது. செல்போன் சார்ஜருக்கான கேபிளைச் செருகிவிட்டு டிரைவரைத் திட்டுபவர்களும் உண்டு. சார்ஜ் மட்டும் செய்யும் கேபிளில் டேட்டா கம்பியே இருக்காது.

நிரலைத் திறந்த கணமே ரிக் டிரான்ஸ்மிட்டில் போய் உட்கார்ந்துகொள்வது வேறு நோய். ஐகாம் ஐசி-7300இல் 'யூஎஸ்பி செண்ட்' என்ற செட்டிங்கை ஆர்டிஎஸ் அல்லது டிடிஆர் (காம் போர்ட்டின் இரு சிக்னல் கம்பிகள்) என்று வைத்திருப்போம். போர்ட்டைத் திறக்கும்போதே அந்தக் கம்பியை உயர்த்தும் நிரல் எதுவும் ரிக்கை டிரான்ஸ்மிட்டுக்குத் தள்ளிவிடும். நிரலில் அதே கம்பியை எங்கே 'ஹை' என்று வைத்திருக்கிறீர்கள் என்று பார்த்து அணையுங்கள். ஒரு நிமிடம் ஒழுங்காக ஓடிவிட்டு அப்புறம் டிரான்ஸ்மிட்டில் மாட்டிக்கொண்டால் அது வேறு. அதற்குக் கீழே தனியாக வருகிறேன்.

டிரான்ஸ்மிட் விளக்கு எரிகிறது, பவர் வரவில்லை

ரிக் யூஎஸ்பி-டி அல்லது டேட்டா-யூ மோடில் இருக்கிறதா? (இந்த யூஎஸ்பி கேபிள் அல்ல, அப்பர் சைட்பேண்ட் எனும் மேல்பக்கம்.) சாதாரண எஸ்எஸ்பி குரல் மோடில் இருந்தால் அது மைக்கிலிருந்து ஒலியை எதிர்பார்க்கும். உங்கள் அறையின் மின்விசிறிச் சத்தம்தான் காற்றில் போகும். 7300இல் 'டேட்டா மாட்' என்ற இடத்தில் யூஎஸ்பி என்றிருக்க வேண்டும், ஏசிசி என்று இருந்தால் பின்னால் உள்ள பிளக்கைக் கவனித்துக்கொண்டிருக்கும். அடுத்து விண்டோஸ் ஒலி மிக்சரில் அந்த சவுண்ட் கார்டு மியூட்டாகி இருக்கிறதா என்று பாருங்கள்.

இதோடு சேர்த்து ஒன்றைச் செய்துவிடுங்கள். விண்டோஸின் இயல்பு ஸ்பீக்கராகக் கம்ப்யூட்டரின் சொந்த ஸ்பீக்கரை வையுங்கள், ரிக்கை வைக்காதீர்கள். இல்லாவிட்டால் வாட்ஸ்அப் வெப்பின் 'டிங்' சத்தம் உங்கள் கால்சைனில் 7 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாகும். கேட்கும் நாலு பேர் அதை மறக்கமாட்டார்கள்.

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறது, பதிலே இல்லை

அதிகம் பேர் மாட்டுவது இங்கேதான், காரணங்களும் பல.

ஃபிரீக்வென்சியிலிருந்து தொடங்குங்கள். வின்லிங்க் பட்டியலில் கொடுத்திருப்பது மைய ஃபிரீக்வென்சி. டயலில் வைக்க வேண்டியது அதிலிருந்து 1500 ஹெர்ட்ஸ் கீழே. மையம் 7103.0 கிலோஹெர்ட்ஸ் என்றால் டயல் 7101.5. கேட் கேபிள் (ரிக்கைக் கட்டுப்படுத்தும் இணைப்பு) ரிக்கைத் தானாக நகர்த்தினால் கவலையில்லை. கையால் திருப்புகிறவர்கள் பட்டியலில் உள்ளதை அப்படியே வைத்துவிட்டு மணிக்கணக்கில் கூப்பிடுவார்கள். ஒன்றரை கிலோஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் அழைப்பு கேட்வேயின் காதில் விழாது. 40, 80 மீட்டர் பேண்டுகளில் குரலுக்கு எல்எஸ்பி (லோயர் சைட்பேண்ட், கீழ்ப்பக்கம்) வைக்கும் பழக்கம் இங்கே காலை வாரும். டிஜிட்டலில் எல்லா பேண்டிலும் மேல்பக்கம்தான்.

அடுத்து அகலம். வாரா எச்எஃப்பில் வழக்கமான அகலம் 2300 ஹெர்ட்ஸ், குறுகியது 500. பட்டியலில் 500 என்று குறித்திருக்கும் கேட்வேக்கு அந்த அகலத்தில்தான் போக வேண்டும்.

பேண்டுக்கு வருவோம். பக்கத்து ஊர் கேட்வேயை 20 மீட்டரில் கூப்பிடாதீர்கள். 80 கிலோமீட்டர் தூரத்தில் இருப்பவர் தலைக்கு மேல் உங்கள் சிக்னல் தாண்டிப் போய், ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளித்தான் இறங்கும். பகலில் ஓரிரு மாநில எல்லைக்குள் 40 மீட்டர், இருட்டிய பின் 80 மீட்டர், பகலில் வெகுதூரம் என்றால் 20 மீட்டர். இது உத்தேசக் கணக்குதான், ஆனாலும் பெரும்பாலும் ஏமாற்றாது. புதன் சாயங்காலம் வேலைவிட்டு வந்து, மதியம் வேலை செய்த அதே கேட்வேயை அதே பேண்டில் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு "நேற்றுகூட நல்லா இருந்ததே" என்பவர்களுக்கு பதில் சூரியனிடம்தான் இருக்கிறது.

'சேனல் செலக்ஷன்' அட்டவணையில் ஒவ்வொரு கேட்வேக்கும் எதிரே பாதை எவ்வளவு நம்பகம் என்று ஒரு எண் வரும். உங்கள் கிரிட் ஸ்கொயரை (இருப்பிடத்தைக் காட்டும் எழுத்து-எண் குறி) வைத்துக் கணக்கிடுவது அது. ஹூஸ்டனில் இருந்தபோது பதிந்த இஎல்29ஐ மாற்றாமல் சியாட்டிலுக்குக் குடிபோனவருக்கு, சிஎன்87இல் உட்கார்ந்துகொண்டு டெக்சஸ் கேட்வேக்கள் எல்லாம் 90 சதவீதம் என்று பச்சையாகத் தெரியும். அத்தனையும் பொய். கிரிட்டைச் சரிசெய்துவிட்டு அட்டவணையைப் புதுப்பியுங்கள். அட்டவணையே பழையதாக இருக்கலாம். கேட்வேக்களை நடத்துபவர்களும் நம்மைப் போன்ற தன்னார்வலர்கள்தான், ஃபிரீக்வென்சி மாற்றுவார்கள், மூடிவிடுவார்கள், விடுமுறைக்குப் போவார்கள்.

இவை எல்லாம் சரி, இன்னும் பதிலில்லை என்றால் பொறுமை. பல எச்எஃப் கேட்வேக்கள் நாலைந்து ஃபிரீக்வென்சிகளைச் சுற்றிச் சுற்றி ஸ்கேன் செய்துகொண்டிருக்கும். நீங்கள் ஒருமுறை கூப்பிட்ட நொடியில் அது வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருக்கலாம், அழைப்பு முழுவதும் ஓடி முடிய விடுங்கள். இன்னொருவரோடு இணைந்திருந்தால் மற்ற எல்லா ஃபிரீக்வென்சிகளிலும் அது செவிடு. நெட் நாளன்று இரவு எட்டு மணிக்கு ஊரே ஒரே கேட்வே வாசலில் நிற்கும். நெட் நாள் முழுக்கத் திறந்திருந்தால் காலையில் காப்பியோடு முடித்துவிடுவது புத்திசாலித்தனம். அதையும்விட, திங்கட்கிழமையே ஒரு சோதனைச் செய்தி விட்டுப் பாருங்கள்.

கூப்பிடுவதற்கு முன் சில நொடி கேளுங்கள். 'சேனல் பிஸி' என்று நிரல் எச்சரித்தால் மதியுங்கள். உங்கள் காதுக்கு ஒன்றும் கேட்காவிட்டாலும் அங்கே ஒரு செஷன் நடந்துகொண்டிருக்கலாம்.

இணைகிறது, ஆனால் ஆமை வேகம். அல்லது பாதியில் அறுந்துவிடுகிறது

கூப்பிட்டதும் கேட்வே பதில் சொல்கிறது. வரவேற்பு வரி வருகிறது. உங்கள் செய்தி போகத் தொடங்கியதும் மறுபடி மறுபடி அதே துண்டு, கடைசியில் டிஸ்கனெக்ட். ஆன்டெனா அல்ல, ஒலியளவு. பத்தில் எட்டுபேர் ஆடியோவை அதிகமாகத் தள்ளிக்கொண்டிருப்பார்கள்.

ஏன் தள்ளுகிறார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. வாரா ஒரே நேரத்தில் பல கேரியர்களைச் சேர்த்து அனுப்புகிறது. உச்சம் உயரமாகவும் சராசரி தாழ்வாகவும் இருக்கும் சிக்னல் அது. ரிக்கில் 50 வாட் வைத்திருப்பீர்கள், மீட்டர் அதில் பாதிகூடக் காட்டாது. "பவர் வரலியே" என்று ஸ்லைடரை ஏற்றுவார்கள். மீட்டர் ஏறும், ரிக்கின் தானியங்கி அளவுக் கட்டுப்பாடான ஏஎல்சி குறுக்கே பாய்ந்து உச்சங்களை வெட்டும், சிக்னல் சிதையும். உங்கள் பக்கம் பலமாகத் தெரிந்தாலும் எதிரே வந்து சேருவது கூழ்.

சரிசெய்யும் முறை இது. ரிக்கின் மீட்டரை ஏஎல்சிக்கு மாற்றுங்கள். ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு (அலையை வெளியே விடாமல் வெப்பமாக்கும் சுமை) இருந்தால் மாட்டுங்கள், இல்லையென்றால் காலியான ஃபிரீக்வென்சியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். வாராவில் டிரைவ் லெவல் பக்கத்தில் உள்ள 'ட்யூன்' அழுத்தி, ஏஎல்சி முள் அசையும்வரை ஏற்றி, அது அசைவதை நிறுத்தும்வரை இறக்குங்கள். அவ்வளவுதான், அங்கேயே விடுங்கள். மீட்டர் என்ன வாட் காட்டுகிறது என்று பார்க்காதீர்கள். ஸ்பீச் கம்ப்ரெஸர் கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். குரலுக்காகப் போட்டு மறந்துபோன கம்ப்ரெஸர் ஒன்றே செஷனைக் கொன்றுவிடும். வரும் பக்கத்திலும் நாய்ஸ் பிளாங்கர், நாய்ஸ் ரிடக்ஷன், ஆட்டோ நாட்ச் எல்லாம் அணையட்டும், ஃபில்டர் 3 கிலோஹெர்ட்ஸ் வரை திறந்திருக்கட்டும். காதுக்கு இதமாகச் செய்யும் ஒவ்வொரு வசதியும் மோடத்துக்குத் தொந்தரவு. விண்டோஸ் பக்கத்தில் 'ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்' என்று இருப்பதையும் சேர்த்தே அணையுங்கள்.

ஒலியளவு சரியாகியும் அறுந்தால் திரும்பும் வேகத்தைப் பாருங்கள். இது ஒரு துண்டு அனுப்பி, ஒப்புதல் வாங்கி, அடுத்த துண்டு அனுப்பும் பேச்சு. நீங்கள் முடித்ததும் எதிர்முனை உடனே பதில் சொல்லும். அந்நேரம் உங்கள் ரிக் இன்னும் டிரான்ஸ்மிட்டில் இருந்தால் பதிலின் தலை வெட்டுப்படும். சிக்னாலிங்க் என்ற வெளி சவுண்ட் கார்டு பெட்டி வைத்திருப்பவர்கள் 'டிஎல்ஒய்' குமிழை இடப்பக்கம் கடைசிவரை திருப்பிவிடுங்கள். ஏஜிசியை (வரும் சிக்னலைச் சமன்படுத்தும் வசதி) ஃபாஸ்ட்டில் வையுங்கள். புளூடூத் ஹெட்செட், தூரத்திலிருந்து ரிமோட்டில் ஒலி என்றெல்லாம் நடுவே வைத்தால் தாமதம் கூடிப் பேச்சே நடக்காது.

இப்போது, மேலே பாக்கி வைத்த 'டிரான்ஸ்மிட்டில் மாட்டிக்கொள்வது'. சிறிது நேரம் ஓடிவிட்டு ரிக் டிரான்ஸ்மிட்டிலேயே நிற்கிறது, மவுஸ் உறைகிறது, 'யூஎஸ்பி துண்டிக்கப்பட்டது' என்ற விண்டோஸ் ஓசை கேட்கிறது என்றால், நீங்கள் அனுப்பும் ஆர்எஃப் (ரேடியோ அலை) ஆன்டெனாவுக்குப் போகும் கோஆக்ஸ் கேபிளின் வெளிப்பக்கம் வழியாகத் திரும்பி வந்து யூஎஸ்பி கேபிளுக்குள் ஏறுகிறது. ஜன்னலுக்கு வெளியே தொடங்கும், ஒரு முனையில் ஊட்டும் எண்ட்-ஃபெட் கம்பி ஆன்டெனாக்களில் இது சகஜம். உறுதிப்படுத்துவது சுலபம். பவரை 10 வாட்டுக்கு இறக்குங்கள். நோய் மறைந்தால் ஆர்எஃப்தான். டம்மி லோடில் ஒழுங்காக ஓடி ஆன்டெனாவில் மட்டும் கெட்டாலும் அதுவேதான். மருந்து: 31 மிக்ஸ் எனும் வகை ஃபெரைட் வளையத்தில் கோஆக்சைப் பல சுற்று சுற்றி ஆன்டெனா ஊட்டும் இடத்தில் ஒரு சோக், யூஎஸ்பி கேபிளின் இரு முனைகளிலும் ஃபெரைட், முடிந்தவரை குட்டையான கேபிள். அதுவரை 20 வாட்டில் செக்-இன் செய்யுங்கள். ஒரு வரிச் செய்திக்கு அது தாராளம்.

வாரா பதிவு செய்யாத இலவச நிலையில் வேகம் வரம்புக்குட்பட்டது என்பதையும் நினைவில் வையுங்கள். செக்-இன்னுக்குப் போதும். படம் இணைத்தால் பொறுமை சோதிக்கப்படும். வின்லிங்க் செய்தியோடு போகும் இணைப்புக் கோப்பின் உச்சவரம்பே சுருக்கிய பின் 120 கிலோபைட்தான்.

விஎச்எஃப்பில்: கேட்கிறது, ஆனால் இணையவில்லை

எஃப்எம் ரிக்கில் பாக்கெட் (பழைய டிஜிட்டல் முறை) அல்லது வாரா எஃப்எம் ஓட்டுபவர்களுக்கு நோய்கள் கொஞ்சம் வேறு. ஸ்கெல்ச்சைத் (சிக்னல் இல்லாதபோது ஒலியை மூடும் வசதி) திறந்து வையுங்கள். ஸ்கெல்ச் திறக்க எடுக்கும் அந்தக் கண நேரத்தில் பாக்கெட்டின் தலை போய்விடும். கைக்கருவியில் பேட்டரி சேமிப்பு முறை இருந்தால் அதையும் அணையுங்கள், தூங்கித் தூங்கி விழிக்கும் ரிசீவரும் இதே தப்பைத்தான் செய்யும். 1200 பாட் வேகப் பாக்கெட்டில் டிஎக்ஸ்-டிலே (டிரான்ஸ்மிட் தொடங்கி டேட்டா போகும்வரை விடும் இடைவெளி) 300 மில்லிசெகண்டிலிருந்து தொடங்கிப் பாருங்கள். மலிவான கைக்கருவிகளுக்கு இன்னும் கூட்ட வேண்டியிருக்கும்.

கேட்வேயின் பெயரோடு வரும் எண்ணை விட்டுவிடாதீர்கள். பாக்கெட் கேட்வேக்கள் பெரும்பாலும் கால்சைனுக்குப் பின் -10 என்று உட்கார்ந்திருக்கும். வெறும் கால்சைனைக் கூப்பிட்டால் அங்கே வேறு யாரோ இருப்பார்கள், அல்லது யாருமே இருக்கமாட்டார்கள். வாரா எஃப்எம்மில் 'வைட்' என்று வைக்க ரிக்கின் பின்னால் 9600 டேட்டா போர்ட் வேண்டும், மைக் ஓட்டை வழியாகப் போகிறவர்கள் 'நேரோ'தான் வைக்க வேண்டும்.

செய்தி போனதா, இல்லையா என்றே தெரியவில்லை

செஷன் ஜன்னலில் ஓடும் வரிகளைப் படிக்கப் பழகுங்கள். 'எஃப்சி இஎம்' என்று தொடங்கும் வரி, "இந்த எண்ணுள்ள செய்தி, இத்தனை பைட், வாங்கிக்கொள்கிறாயா?" என்று உங்கள் பக்கம் கேட்பது. எதிரிலிருந்து 'எஃப்எஸ் ஒய்' வந்தால் "அனுப்பு". 'எஃப்எஸ் என்' என்றால் வேண்டாம், பெரும்பாலும் அதே செய்தி ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கும். எல்லாம் முடிந்ததும் 'எஃப்எஃப்', அதன் பின் 'எஃப்க்யூ' என்று விடைபெறுவார்கள். 'எஃப்எஸ் ஒய்' வந்த பிறகு எஃப்க்யூவைக் காணாமல் டிஸ்கனெக்ட் ஆனால் நடுவில் அறுந்தது என்று பொருள், மறுபடி செஷன் ஓட்டுங்கள். புதிதாகச் செய்தி எழுதாதீர்கள், அவுட்பாக்ஸில் இருப்பதே போகட்டும். கையில் எடுத்துக் காட்டும் சாட்சி ஒன்றுதான்: செய்தி அவுட்பாக்ஸிலிருந்து 'சென்ட் ஐட்டம்ஸ்' போயிருக்க வேண்டும்.

உதவி கேட்கும்போது "கனெக்ட் ஆகல" என்று எழுதாமல் இந்த வரிகளை அப்படியே ஒட்டி அனுப்பினால் பதில் சொல்பவர் உங்களை ஆசீர்வதிப்பார்.

அனுப்பியாகிவிட்டது, பட்டியலில் பெயர் இல்லை

இது ரேடியோ கோளாறு அல்ல. பல நெட்களில் பட்டியலைத் தயாரிப்பது மனிதர் இல்லை, ஒரு ஸ்கிரிப்ட். கால்சைன், பெயர், ஊர், மாநிலம், பேண்டு, மோடு என்று அவர்கள் கேட்ட வரிசையில் காற்புள்ளி போட்டு ஒரே வரியில் எழுத வேண்டும். காற்புள்ளியை விட்டாலோ, "அனைவருக்கும் மாலை வணக்கம்" என்று முதல் வரியில் மரியாதை செய்தாலோ ஸ்கிரிப்ட்டுக்குத் தலைகால் புரியாது. தானாக ஒட்டிக்கொள்ளும் கையொப்பத்தையும் நீக்குங்கள். 'டு' முகவரியில் நெட்டின் கால்சைனை ஒரு எழுத்து தவறாக அடித்திருந்தால் அந்தச் செய்தி எங்கோ ஓர் அப்பாவி ஹாமின் இன்பாக்ஸில் உட்கார்ந்திருக்கும்.

நாள் கணக்கையும் பாருங்கள். சில நெட்கள் யூடிசி எனும் உலகப் பொது நேரப்படி புதன் என்று அறிவிக்கும். அது பசிபிக் கரையில் செவ்வாய் சாயங்காலமே தொடங்கி, புதன் சாயங்காலம் முடிந்துவிடும். உள்ளூர் நேரப்படி நடக்கும் கலிஃபோர்னியா நெட் ஒன்றில் இந்தியாவிலிருந்து விருந்தினராகக் கலந்துகொள்கிறவருக்கு, குளிர்காலத்தில் அந்தப் புதன் வியாழன் மதியம் ஒன்றரைவரை நீளும்.

வின்லிங்க் முகவரிக்கு வீட்டிலிருந்து போட்ட அஞ்சல் வரவில்லை என்று சிலர் இதோடு சேர்த்துக் கேட்பார்கள். ஸ்பேமைத் தடுக்க ஏற்புப் பட்டியல் ஒன்று இருக்கிறது. நீங்கள் முதலில் எழுதிய முகவரி தானாக அதில் சேரும். அறியாத முகவரியிலிருந்து வரும் அஞ்சல் சர்வரிலேயே திருப்பப்படும். அவர்களுக்கு ஒருமுறை நீங்கள் எழுதிவிடுங்கள், சரியாகிவிடும்.

வரைபடத்தில் என் புள்ளி சீனாவில் இருக்கிறது

தீர்க்கரேகைக்கு முன் கழித்தல் குறி விட்டுப்போயிருக்கிறது. ஒஹையோவின் கொலம்பஸ் நகரம் ஏறக்குறைய வடக்கே 40, மேற்கே 83 டிகிரி. மேற்கு என்றால் -83. குறியில்லாமல் 83 என்று போட்டால் வரைபடம் உங்களை ஷின்ஜியாங்கில் கொண்டுபோய் வைக்கும். நெட் முடிந்ததும் வரைபடம் வெளியாகும்போது அமெரிக்கா முழுக்கப் புள்ளிகளும் மத்திய ஆசியாவில் இரண்டு மூன்று அநாதைகளும் தெரிவது இதனால்தான். படிவத்தில் மைனஸைச் சேர்த்துச் சேமித்துவிட்டால் அடுத்த வாரம் ஊர் திரும்பிவிடலாம். வீட்டுக்கதவு வரை துல்லியமான இலக்கங்கள் வேண்டாம், தசமப்புள்ளிக்குப் பின் இரண்டு போதும். ஹாம் அலைவரிசையில் போகும் எதுவும் ரகசியமில்லை, இந்தச் செய்திகளையும் பிறர் படிக்க முடியும்.